கையெழுத்துப் போடுவது யார், கடனைக் கட்டுவது யார்?



ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை நிற்கும். கையில் சம்பளப் பணம் இருக்கும். கண்கள் பலகையில் ஓடும் எண்களின் மேல் இருக்கும். இன்று ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய்?

2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சுமார் 150 இலங்கை ரூபாய் கிடைத்தது. மே மாதம் ஏறத்தாழ 260 ரூபாய் கிடைத்தது. வீட்டுக்கு அனுப்புகிறவருக்கு இது இலாபம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் ஊரில் போய்ச் சேர்ந்தபோது அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் அதைவிட வேகமாக ஏறியிருந்தன. கூடுதலாகக் கிடைத்ததைப் போல நமக்குக் காட்டி, இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு போவதுதான் நாணய வீழ்ச்சி.

அந்தப் பலகையில் ஒரு நாட்டின் எண் சரியும்போதெல்லாம் கூடவே ஒரு பெயர் வரும். சிங்கப்பூரில் நாம் அதை அனைத்துலகப் பண நிதியம் என்கிறோம். இலங்கைத் தமிழர் சர்வதேச நாணய நிதியம் என்பார்கள். ஐ.எம்.எஃப். என்றால் எல்லாருக்கும் புரியும். "நிதியம் வந்துவிட்டது, இனிப் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று ஒரு பக்கம் பேசுவார்கள். "நிதியம் வந்துவிட்டது, இனி நாடு போச்சு" என்று மறுபக்கம் பேசுவார்கள். இரண்டையும் கேட்டு நீங்கள் குழம்பியிருப்பீர்கள். சிறுபான்மையினரின் உரிமைகளைப் பேசும் இந்த மடலில் வங்கிக் கணக்கைப் பற்றி எழுதலாமா என்றும் சிலர் நினைக்கலாம். எழுதத்தான் வேண்டும். ஒரு நாடு கடனில் விழும்போது முதலில் மிதிபடுவது யார் என்பது நம் உரிமையோடு சேர்ந்த கேள்வி.

எங்கள் வீட்டுக்கு வந்த நெருக்கடி

நான் சட்டம் படித்தவன். பொருளியல் படித்தவன் அல்லன். ஆனால் 1998-ம் ஆண்டு பொருளியல் எங்கள் கழக வீட்டுக் கதவைத் தட்டியது. அப்போது நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். அப்பா ஒரு மின்னணுவியல் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு நாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு கடிதம். ஆட்குறைப்பு.

பல மாதங்களுக்குப் பிறகு குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. அடுத்த அடியும் கூடவே வந்தது. 1999 ஜனவரி 1 முதல் முதலாளிகள் செலுத்தும் மத்திய சேம நிதிச் சந்தா 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மாதம் 1,200 வெள்ளி வாங்கும் ஊழியருக்கு இது 120 வெள்ளி இழப்பு. வீட்டுத் தவணையை மசேநிதியிலிருந்து கட்டிவந்த குடும்பங்கள், குறைந்ததைக் கையிலிருந்து போட வேண்டியதாயிற்று. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. அது திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

சிங்கப்பூர் அப்போது நிதியத்திடம் கையேந்தவில்லை. கையிருப்பு வலுவாக இருந்தது. மாறாக, நெருக்கடியில் சிக்கிய தாய்லாந்துக்கு 1 பில்லியன் அமெரிக்க டாலரும் இந்தோனேசியாவுக்கு 5 பில்லியனும் தருவதாகச் சிங்கப்பூர் உறுதியளித்தது. கடன் கொடுக்கும் பக்கத்தில் இருந்த நாட்டிலேயே ஒரு தொழிலாளியின் வீட்டில் சங்கிலி அடகுக்குப் போனது என்றால், கடன் வாங்கிய நாடுகளில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நெருப்பு எங்கே பிடித்தது?

1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டைச் சந்தையின் போக்குக்கு விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25 பாட் என்று கட்டிக்காத்து வந்தார்கள். 1998 ஜனவரியில் அது 50-ஐத் தாண்டியது.

இதன் பொருள் என்ன? தாய்லாந்து நிறுவனங்கள் வெளிநாட்டு வங்கிகளில் டாலரில் கடன் வாங்கின. வட்டி குறைவு, நாணய மதிப்பும் மாறாது என்ற நம்பிக்கை. வாங்கிய பணத்தில் கட்டடங்கள் எழுப்பின. வருமானமோ பாட்டில். கடனோ ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய குறுகிய காலக் கடன். ஒரு மில்லியன் டாலர் வாங்கியவர் 25 மில்லியன் பாட் கட்டினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆறே மாதத்தில் அது 50 மில்லியன் பாட் ஆகிவிட்டது. அவர் ஒரு காசுகூடப் புதிதாகக் கடன் வாங்கவில்லை. கடன் தானாக இரட்டித்தது.

ஊரில் சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டார் என்று செய்தி வந்தால் என்ன ஆகும்? மற்றச் சீட்டுக்காரர்களின் வாசலிலும் கூட்டம் கூடும். நல்லவர், கெட்டவர் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் நடந்தது. பாங்காக்கில் பிடித்த பயம் ஜகார்த்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் சோலுக்கும் பரவியது. கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த நெருப்பை வைத்தது நிதியம் அல்ல. பேராசையோடு வாங்கிய நிறுவனங்களும், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த வெளிநாட்டு வங்கிகளும், வேண்டியவர்களுக்குச் சலுகை தந்த ஆட்சியாளர்களும் சேர்ந்து விறகு அடுக்கினார்கள். நிதியத்தின் மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு வேறு. நெருப்பை அணைக்க வந்தவர் தண்ணீரை எங்கே ஊற்றினார், யார் வீட்டை இடித்து வழி செய்தார் என்பதுதான் நம் கேள்வி.

மருந்தும் பத்தியமும்

நிதியம் கொடுக்கும் கடன் மருந்து என்றால், அதோடு வரும் நிபந்தனைகள் பத்தியம். 1997-ல் மூன்று நாடுகளுக்கும் கொடுத்த பத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். வட்டியை ஏற்று. அரசுச் செலவைக் குறை. நலிந்த வங்கிகளை மூடு. சந்தையை வெளிநாட்டினருக்குத் திறந்து விடு.

இந்தோனேசியாவில் 1997 நவம்பர் 1 அன்று 16 வங்கிகள் மூடப்பட்டன. எல்லாச் சேமிப்புக்கும் உத்தரவாதம் இல்லை. சிறிய தொகைகளுக்கு மட்டுமே இருந்தது. "அடுத்து எந்த வங்கி?" என்று பயந்த மக்கள் மீதி வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுக்க ஓடினார்கள். நம்பிக்கையை மீட்க எடுத்த நடவடிக்கையே இருந்த நம்பிக்கையையும் அழித்தது. 1998 ஜனவரி 15 அன்று அதிபர் சுகார்த்தோ குனிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட, நிதியத்தின் தலைவர் மிஷேல் கம்டெசு கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற படம் உலகமெங்கும் வெளிவந்தது. சுகார்த்தோ மேல் எனக்கு அனுதாபம் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் குனிந்திருந்தவர் அவர் என்றாலும், சுமை ஏறியது படத்தில் இல்லாத கோடிக்கணக்கான மக்களின் முதுகில்.

1998 மே மாதத் தொடக்கத்தில் எரிபொருள் மானியம் வெட்டப்பட்டது. பெட்ரோல் விலை ஒரே நாளில் சுமார் 70 விழுக்காடு ஏறியது. மே மாத நடுவில் ஜகார்த்தா பற்றி எரிந்தது. மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகினார். அந்த ஆண்டு இந்தோனேசியப் பொருளாதாரம் சுமார் 13 விழுக்காடு சுருங்கியது.

தென்கொரியாவில் 1997 டிசம்பரில் நிதியம் 21 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே சாதாரணக் குடும்பங்கள் திருமண மோதிரங்களையும் குழந்தைகளின் தங்கத்தையும் நாட்டுக்காகக் கொண்டுவந்து கொடுத்தன. 200 டன்னுக்கும் மேல் தங்கம் சேர்ந்தது. ஆனாலும் 1997-ல் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வேலையின்மை 1998-ல் ஏழு விழுக்காட்டைத் தொட்டது. கொரியர்கள் இன்றும் அந்தக் காலத்தை "ஐ.எம்.எஃப். நெருக்கடி" என்றுதான் சொல்கிறார்கள். கடனைத் தந்த நிறுவனத்தின் பெயரே துன்பத்தின் பெயராகிவிட்டது.

மலேசியா நிதியத்திடம் போகவில்லை. 1998 செப்டம்பர் 1 அன்று பணம் நாட்டை விட்டு வெளியேறக் கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி வைத்தது. பெரிய நிபுணர்கள் பலர் ஏசினார்கள். மலேசியாவும் அந்த ஆண்டு ஏழு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறு ஆண்டே அது எழுந்துவிட்டது. சொன்னதுபோல் உலகம் இடிந்துவிடவில்லை. 2012-ல் நிதியமே, சில சூழ்நிலைகளில் இத்தகைய கட்டுப்பாடுகள் பொருத்தமானவை என்று தன் கொள்கையில் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 2003-ல், நிதியத்தின் சுயேச்சை மதிப்பீட்டு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, நெருக்கடியின் ஆழத்தை நிதியம் குறைத்து மதிப்பிட்டதையும், இந்தோனேசிய வங்கிகளை மூடிய விதத்தில் இருந்த கோளாறையும் சுட்டிக்காட்டியது.

தவற்றை உணர்ந்தது நல்லதுதான். ஆனால் வேலை போனவருக்கு அந்த அறிக்கையால் வேலை திரும்பி வரவில்லை.

பழி யார் மேல் விழுந்தது?

சிறுபான்மையினராகிய நாம் 1998 மே மாதத்தை மறக்கக் கூடாது. அரிசி விலையை ஏற்றியது யார்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார்? டாலர் கடன் வாங்கிக் கோடீசுவரர் ஆனது யார்? ஆத்திரம் அவர்களிடம் போகவில்லை. தெருமுனையில் கடை வைத்திருந்த சீன இந்தோனேசியர்களிடம் போனது. கடைகள் எரிந்தன. பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த நாட்களின் கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எரிந்த கடைத்தொகுதிகளுக்குள் சிக்கி மாண்ட நகர்ப்புற ஏழைகளே அவர்களில் மிகப் பலர்.

பெரிய பணக்காரர்களின் பணமோ அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டது. அதில் பெரும்பகுதி வந்து இறங்கியது எங்கே? இங்கேதான், நம் சிங்கப்பூர் வங்கிகளில். 2016, 2017 ஆண்டுகளில் இந்தோனேசியா வரி மன்னிப்புத் திட்டம் அறிவித்தபோது, வெளிநாட்டில் வைத்திருப்பதாக அந்நாட்டினர் காட்டிய சொத்துகளில் மிக அதிகமானவை சிங்கப்பூரில்தான் இருந்தன. மானியத்தை வெட்டுவதற்கு இருந்த அவசரம், வெளியேறிய பணத்தைத் தேடுவதற்கு இருக்கவில்லை.

விலைவாசி ஏறும்போது மக்களின் விரல் தங்களுக்கு மேலே இருப்பவரை நோக்கி நீள்வது அரிது. பக்கத்தில் இருக்கும் வேற்று இனத்தவரை நோக்கி நீள்வது எளிது. இன்று அவர்கள், நாளை நாம். ஆகவே பொருளாதார ஒப்பந்தம் என்பது பொருளாதார நிபுணர்களின் தனிச் சொத்து அல்ல. அது இனங்களுக்கிடையே அமைதியைக் காப்பதா, குலைப்பதா என்ற கேள்வியும் ஆகும்.

இலங்கை: தொழிலாளியின் சேம நிதி

இனி நமக்கு இன்னும் அருகில் வருவோம். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2019-ன் பெரும் வரிக் குறைப்பு, 2021-ன் இரசாயன உரத் தடை, கொவிட் காலத்தில் அற்றுப்போன சுற்றுலா வருமானம், அளவுக்கு மீறிய வெளிநாட்டுக் கடன் பத்திரங்கள் எல்லாம் சேர்ந்து அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை எட்டியது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி வறுமை 2021-ல் 13 விழுக்காடாக இருந்தது, 2022-ல் 25 விழுக்காடானது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் முதல் வடக்கிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கின. போர்க் காலத்தில் ஓடியவர்களின் பிள்ளைகள் இம்முறை பால்மாவின் விலைக்குப் பயந்து ஓடினார்கள். மலையகத்தில் தேயிலை பறிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு 2021-ல் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் சம்பளம் நிர்ணயமானது. ஓராண்டில் அந்த ஆயிரம் ரூபாயின் மதிப்பு நாலு சிங்கப்பூர் வெள்ளிக்கும் கீழே போய்விட்டது. நம்மூர்க் காப்பிக்கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அது பற்றாது.

நாட்டை அந்த நிலையில் விட்டுச் சென்ற அதிபர் கோத்தபாய ராஜபக்ச 2022 ஜூலை 14 அன்று வந்து இறங்கிய இடம் சாங்கி விமான நிலையம். பதவி விலகல் கடிதத்தை அனுப்பியதும் சிங்கப்பூரிலிருந்துதான். அவருக்கு ஓடுவதற்கு விமானம் இருந்தது. தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு அடுத்த மலைதான் இருந்தது.

2023 மார்ச் 20 அன்று நிதியம் சுமார் 3 பில்லியன் டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 1965 முதல் இலங்கை நிதியத்தோடு செய்துகொண்ட திட்டங்களில் இது 17-வது. பதினேழு முறை ஒரே மருத்துவரிடம் போயும் நோய் தீரவில்லை என்றால், நோயாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பத்தியம் எப்படி இருந்தது? மதிப்புக்கூட்டு வரி 2022-ல் 8 விழுக்காட்டிலிருந்து 12 ஆகவும் பிறகு 15 ஆகவும் ஏறியது. 2024 ஜனவரி 1 முதல் 18 ஆனது. வரி என்றால் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை. வருமானம் முழுவதையும் கடையில் செலவழிக்கிறவருக்கு அந்த வரி முழுச் சம்பளத்தின் மேலும் விழுகிறது. பாதியைச் சேமிக்கிறவருக்குப் பாதியில்தான் விழுகிறது.

மசேநிதி உள்ள நாம் எல்லாரும் கவனிக்க வேண்டியது அடுத்தது. கடன் சுமையைக் குறைப்பதற்காக 2023 ஜூன் இறுதியில் இலங்கை அரசு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அறிவித்தது. ஊழியர் சேமலாப நிதி நம் மத்திய சேம நிதியைப் போன்றது. தனியார் துறைத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் மாதா மாதம் கட்டிய பணம். அந்த நிதி தன்னிடமிருந்த அரசுப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, நீண்ட காலத்துக்குப் பிறகு முதிரும் புதிய பத்திரங்களை வாங்க வேண்டும். வட்டி முதலில் 12 விழுக்காடு, பிறகு 9 விழுக்காடு. மறுத்தால் வருமானத்தின் மேல் 14 விழுக்காட்டு வரிக்குப் பதில் 30 விழுக்காட்டு வரி. இதைத் தெரிவு என்று சொல்ல முடியுமா?

அதே பத்திரங்களை வைத்திருந்த வணிக வங்கிகளுக்கு இந்தச் சுமை வைக்கப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே நலிந்திருக்கின்றன, அவை விழுந்தால் எல்லாருடைய சேமிப்பும் போய்விடும் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் தொழிலாளியின் முதுமைக்கால நிதி விழுந்தாலும் ஒருவர் வாழ்க்கை போய்விடும் அல்லவா? வங்கிக்காகப் பேச ஆள் இருந்தது. கூடையோடு மலையேறும் அம்மாவுக்காக அந்த மேசையில் பேச யாரும் இருக்கவில்லை.

வெளிநாட்டுப் பத்திரக்காரர்களும் 2024 டிசம்பரில் அசலில் 27 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்களுக்கு வழக்கறிஞர்களும் ஆலோசகர்களும் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேரம் பேசினார்கள். தொழிலாளரின் நிதிக்கு விதி எழுதி முடிக்கச் சில வாரங்கள் போதுமாயிருந்தது.

சன்டெக் சிட்டியில் நடந்தது

இந்த முடிவுகளை எடுப்பது யார்? 1944-ல் உருவான நிதியத்தில் நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற முறை இல்லை. பணத்துக்கு ஏற்ப வாக்கு. முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. ஆகவே அமெரிக்கா வேண்டாம் என்றால் நடக்காது. தலைவர் பதவிக்கு இதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஐரோப்பியர்கள். 1997-ல் ஆசியாவுக்கென்று தனி நிதியம் ஒன்றை அமைக்கலாம் என்று ஜப்பான் சொன்னபோது, அமெரிக்காவும் நிதியமும் எதிர்த்தன. அது நடக்கவில்லை.

2006 செப்டம்பரில் நிதியமும் உலக வங்கியும் தங்கள் ஆண்டுக் கூட்டத்தைச் சிங்கப்பூரில், சன்டெக் சிட்டியில் நடத்தின. வருகிறவர்களைப் புன்னகையோடு வரவேற்க வேண்டும் என்று "நான்கு மில்லியன் புன்னகைகள்" என்ற இயக்கமே நடந்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அனுமதி பெற்றிருந்த இருபதுக்கும் மேற்பட்ட சமூக அமைப்பினரை நாட்டுக்குள் விட அரசாங்கம் முதலில் மறுத்தது. திறந்த வெளியில் எதிர்ப்புக் காட்டத் தடை. கட்டடத்துக்குள் ஒதுக்கிய மூலையில் மட்டும் நிற்கலாம். உலக வங்கியின் அப்போதைய தலைவர் பால் உல்ஃபோவிட்ஸே சிங்கப்பூரை வெளிப்படையாகக் குறை கூறினார். பிறகு பெரும்பாலோருக்கு அனுமதி கிடைத்தது. சமூக அமைப்புகள் பல கடல் தாண்டிப் பாத்தாம் தீவில் தனி மாநாடு நடத்தின.

நம்மிடம் கேட்டது புன்னகை. கேள்வி கேட்கச் சொல்லவில்லை.

நம் பணமும் அங்கே இருக்கிறது

"இதெல்லாம் கடன் வாங்கும் நாடுகளின் தலைவலி, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நாம் கடன் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறோம். அதனால்தான் நமக்குப் பொறுப்பு இருக்கிறது.

சிங்கப்பூர் 1966 முதல் நிதியத்தின் உறுப்பினர். நிதியத்தின் பயிற்சிக் கழகம் 1998 முதல் இங்கே இயங்குகிறது. நிதியத்தின் கொள்கை வழிகாட்டும் குழுவுக்கு 2011 முதல் 2015 வரை தலைவராக இருந்தவர் அன்றைய நம் நிதியமைச்சர், இலங்கைத் தமிழ் வம்சாவளியினர், இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்தினம். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர் அவர். நம்மவர் ஒருவர் அங்கே உட்கார்ந்ததில் பெருமைப்படுவோம். ஆனால் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடக் கூடாது. அந்த மேசையில் என்ன முடிவாகிறது என்றும் பார்க்க வேண்டும்.

2012 ஏப்ரலில், ஐரோப்பிய நெருக்கடியின்போது, தேவைப்பட்டால் நிதியத்துக்கு 4 பில்லியன் அமெரிக்க டாலர் வரை கடன் தருவதாகச் சிங்கப்பூர் உறுதியளித்தது. சீர்திருத்தக் கட்சியின் கென்னத் ஜெயரத்தினம் நீதிமன்றம் போனார். அரசமைப்புச் சட்டத்தின் 144-வது பிரிவின்படி நாடாளுமன்றத்தின் தீர்மானமும் அதிபரின் இசைவும் வேண்டும் என்பது அவருடைய வாதம். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. அந்தப் பிரிவு அரசாங்கம் கடன் வாங்குவதற்கும் உத்தரவாதம் கொடுப்பதற்கும் உரியது, கடன் கொடுப்பதற்கு அல்ல என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதியில்லை என்றும் சொன்னது.

நான் எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்டு இதை எழுதவில்லை. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு சட்டப் பட்டதாரியாக ஒன்றைச் சொல்வேன். நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் தீர்ப்பின் பொருள். கொண்டுவரக் கூடாது என்பது அல்ல. சட்டம் நிற்கும் இடத்திலிருந்து குடிமக்களின் கேள்வி தொடங்குகிறது.

நாம் என்ன கேட்க வேண்டும்?

நிதியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் டாலர் இல்லாமல் மருந்தும் எரிபொருளும் வாங்க முடியாமல் நிற்கும் நாட்டுக்கு யாராவது கடன் தரத்தான் வேண்டும். 2022-ல் கொழும்பு மருத்துவமனைகளில் மருந்துக்காகக் காத்திருந்தவர்களிடம் போய் "கடன் வாங்காதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாம் கேட்பது நியாயமான பத்தியம். மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, தொழிலாளரின் சேம நிதி கடைசியில்தான் தொடப்பட வேண்டும். அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு, ஆபத்து தெரிந்தே கடன் கொடுத்தவர் முதலில் இழக்கட்டும். சம்பளத்தில் கட்டாயமாகப் பிடித்த பணத்தைத் தெரிந்தே எடுத்த ஆபத்து என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, வரியையும் மானியத்தையும் மாற்றும் நிபந்தனையில் கையெழுத்திடும் முன்னர், அது எந்த மக்களை எப்படிப் பாதிக்கும் என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும். தொழிற்சங்கங்களையும் சிறுபான்மை மக்களின் பிரதிநிதிகளையும் அழைத்துக் கேட்க வேண்டும். முடிந்த பிறகு மொழிபெயர்த்துத் தருவது தகவல். முடியும் முன்னர் கேட்பதுதான் உரிமை.

மூன்றாவது, நம் கையிருப்பிலிருந்து நிதியத்துக்கு வாக்குறுதி தரும்போது சிங்கப்பூர் அரசாங்கம் அதை நாடாளுமன்றத்தின் முன் தானாகவே வைத்து விவாதிக்க வேண்டும். இலங்கை போன்ற நாடுகளின் திட்டங்கள் முடிவுக்கு வரும்போது நம் தரப்பு என்ன நிலை எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் இரவில் வீட்டுப் பிரச்சினைக்கும் பள்ளிப் பிரச்சினைக்கும் போகிறீர்கள். ஒரு முறை இந்தக் கேள்வியோடும் போங்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழி.

என் அம்மா இப்போதும் அந்தச் சங்கிலியைப் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு வேலை போனதற்குக் காரணம் அவர் சோம்பேறி என்பதல்ல, எங்கோ சிலர் டாலரில் போட்ட தப்புக் கணக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் அன்று சொல்லித் தரவில்லை. அவர் பல ஆண்டுகள் தன்னையே நொந்துகொண்டிருந்தார். அடுத்த நெருக்கடி வரும்போது உங்கள் வீட்டில் யாரும் அப்படித் தன்னை நொந்துகொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரையும் நொந்துகொள்ளக் கூடாது. கணக்கைப் போட்டவரிடம் போய்க் கணக்குக் கேளுங்கள்.